இறால் குவிந்தால் சுறுசுறுப்பு, குறைந்தால் சலிப்பு

கேள்வி: மண்டபம் பக்கம் இறால் பதப்படுத்தும் நிறுவனம் ஒன்றில் சூப்பர்வைசராக இருக்கிறேன். விசைப்படகுகள் கரை திரும்பும் நாட்களில் எங்கள் பெண்கள் இருட்டும் வரை உரித்தாலும் முகம் சுளிப்பதில்லை. சரக்குக் குறைந்த நாட்களிலோ ஏனோதானோவென்று இருக்கிறார்கள். பணிச்சுமை கூடினால் ஈடுபாடு குறையும் என்பார்களே, இங்கே மாறாக இருக்கிறதே?
– வாசகி, மண்டபம்

பதில்: சுமையின் அளவை மட்டும் பார்ப்பதால் அப்படித் தோன்றுகிறது சகோதரி. திங்கள், புதன், சனிக்கிழமைகளில் கடலுக்குப் போகும் விசைப்படகுகள் மறுநாள் கொண்டுவரும் இறாலை ஐஸ் கரைவதற்குள் உரித்தாக வேண்டும் என்பதை யாரும் அந்தப் பெண்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. குவியல் கரைவது கண்ணுக்குத் தெரிகிறது, கூலியும் அதற்கேற்ப ஏறுகிறது. முயன்றால் முடித்துவிடலாம் என்று தோன்றும் இத்தகைய சுமை ஈடுபாட்டோடு சேர்ந்தே உயர்வதையும், தெளிவற்ற உத்தரவு, வீண் இழுபறி போன்ற முட்டுக்கட்டைகள் ஈடுபாட்டைக் குறைப்பதையும், பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த க்ராஃபோர்டு, லெபைன், ரிச் ஆகியோர் 2010இல் எழுதியிருக்கிறார்கள். ஆனால் இரண்டு வகைச் சுமையுமே ஆளைக் களைத்துப்போகச் செய்யும் என்பதையும் அவர்கள் கண்டார்கள். ஆகவே முகம் சுளிக்காதவர்களுக்கு இடுப்பு வலிக்கவில்லை என்று எண்ணிவிடாதீர்கள்.

சரக்குக் குறைந்த ஒரு நாளில், இந்தக் கரையிலேயே வேறொரு கூடத்தில் நான் கண்டது இது. ஓர் அம்மா உரித்த இறாலை எடைக்குக் கொண்டுவந்தார். 'தண்ணீர் வடியட்டும்' என்று இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் முறை எடை போட்டவர், தராசின் எண் தம் பக்கமே இருக்க, எதையோ நோட்டில் குறித்துக்கொண்டார். அந்த அம்மா ஒன்றும் கேட்கவில்லை. திரும்பிப் போய், ஒரு இறாலை உரிக்க எடுத்துக்கொண்ட நேரத்தில் முன்பு நான்கை உரித்திருப்பார். அதைச் சோம்பல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வேலை அதிகமாகவும் அதன்மீது தமக்குள்ள அதிகாரம் குறைவாகவும் இருப்பவர்களே மிகுந்த மன அழுத்தத்துக்கு ஆளாகிறார்கள் என்று பணிச்சூழல் ஆய்வாளர் கராசெக் 1979இலேயே எழுதினார். தலை கிள்ளுவது யார், உரிப்பது யார், தேநீர் எப்போது என்பவற்றை அவர்களே முடிவு செய்யட்டும். தராசின் எண் அவர்கள் பக்கம் தெரியட்டும். படகு வராத நாளென்றால், பேருந்து ஏறி வந்த பிறகு திருப்பி அனுப்பாமல் முதல் நாள் மாலையிலேயே சொல்லிவிடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் யாருக்கு வேலை உண்டு, யாருக்கு இல்லை என்பதையும் மார்ச் மாதத்திலேயே தெரிவித்துவிடுங்கள். அது தெரியாத கவலையோடு உரிக்கும் கை வேகமாக ஓடாது.