காலி இருக்கையும் நிரம்பிய கேலரியும்: இங்கிலாந்து கால்பந்துக் கூட்டம் பற்றி கேள்வி பதில்

இங்கிலாந்து கிளப்புகளுக்கு அன்றும் இன்றும் வந்த கூட்டம் பற்றி நண்பர்கள் அனுப்பிய கேள்விகளில் பாதி மான்செஸ்டர் சிட்டியைப் பற்றித்தான். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கேள்வி: அண்ணே, 2008-ல் அபுதாபி முதலாளிகளின் பணம் வரும்வரை சிட்டிக்கு ரசிகர்களே கிடையாது என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் அடித்துப் பேசுகிறார். உண்மையா?

இல்லை தம்பி. இது திரும்பத் திரும்பச் சொல்லியே உண்மை மாதிரி ஆகிவிட்ட பொய். 1934 மார்ச் 3 அன்று, சிட்டியின் பழைய மைதானமான மெய்ன் ரோட்டில் ஸ்டோக்குக்கு எதிரான எஃப்.ஏ. கோப்பை ஆட்டத்துக்கு 84,569 பேர் வந்தார்கள். ஒரு இங்கிலாந்து கிளப் தன் சொந்த மைதானத்தில் கூட்டிய மிகப் பெரிய கூட்டம் இன்றுவரை அதுதான்.

பழங்கதை வேண்டாம் என்றால் 1998-99 சீசனைப் பார்க்கச் சொல்லுங்கள். சிட்டி மூன்றாம் நிலைப் பிரிவுக்கு விழுந்திருந்தது. மேக்ல்ஸ்ஃபீல்டு, யார்க் என்று சின்ன ஊர்களுக்குப் போய் ஆடிக்கொண்டிருந்தது. அப்போதும் மெய்ன் ரோட்டில் லீக் ஆட்டங்களுக்குச் சராசரியாக 28,000 பேருக்கு மேல் வந்தார்கள். அதே சமயத்தில் மேல்மட்டப் பிரிவான பிரீமியர் லீக்கில் இருந்த சவுத்தாம்ப்டனின் மைதானத்தில் மொத்தமே சுமார் 15,000 பேருக்குத்தான் இடம்.

அந்த சீசனின் கடைசி ஆட்டம் 1999 மே 30, வெம்ப்ளி, எதிரணி கில்லிங்ஹாம். 87-வது நிமிடத்தில் சிட்டி 0-2 என்று பின்தங்கியது. மனம் விட்டுப்போய் வெளியே நடக்கத் தொடங்கியவர்கள் ஏராளம். 90-வது நிமிடத்தில் ஹோர்லாக் ஒன்று போட, சத்தம் கேட்டுப் பலர் திரும்பி ஓடிவந்தார்கள். வீணான நேரத்துக்கு ஈடாக 90 நிமிடத்துக்கு மேல் சேர்த்த நேரத்தின் ஐந்தாவது நிமிடத்தில் டிக்காவ் இன்னொன்று போட்டார். பெனால்டியில் சிட்டி ஜெயித்து மேலே ஏறியது. பெரிய மைதானத்துக்கு மாறிய 2003-04-லேயே சராசரி 46,000-ஐத் தாண்டிவிட்டது. அபுதாபி வர இன்னும் நான்கு வருடங்கள் இருந்தன.

சாம்பியன்ஸ் லீக் இரவுகளில் அவர்கள் மைதானத்தில் காலி இருக்கைகள் தெரிந்தது உண்மைதான், அதை மறுக்கவில்லை. ஆனால் "ரசிகர்களே இல்லை" என்பது வேறு பேச்சு.

கேள்வி: நீங்கள் சிட்டி ஆளா? யுனைடெட் கூட்டத்தைப் பற்றியும் சொல்லுங்களேன்.

எந்தப் பக்கமும் இல்லை. மான்செஸ்டர் யுனைடெட் 1974-ல் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. அந்த 1974-75 சீசனில் நாட்டிலேயே அதிகச் சராசரி கூட்டம் முதல் பிரிவு கிளப் எதற்கும் இல்லை, இரண்டாம் பிரிவில் ஆடிய யுனைடெட்டுக்குத்தான். இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்? இன்னொரு விஷயம்: லீக் ஆட்டம் ஒன்றுக்கு வந்த மிகப் பெரிய கூட்டமான 83,260-உம் யுனைடெட்டுடையது. 1948 ஜனவரி 17, ஆர்சனலுக்கு எதிராக. ஆனால் அது நடந்தது சிட்டியின் மெய்ன் ரோட்டில். யுனைடெட்டின் ஓல்டு டிராஃபோர்டு மைதானம் 1941-ல் குண்டுவீச்சில் சிதைந்திருந்ததால் பக்கத்து வீட்டில் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

கேள்வி: செல்சி?

1935-ல் ஆர்சனல் வந்தபோது 82,905 பேர். 1982-ல் இரண்டாம் பிரிவில் ஓரியன்ட் வந்தபோது ஆறாயிரம் சொச்சம். அதே கிளப், அதே மைதானம். இடையில் வந்தது மோசமான அணியும் கடனும் அடிதடியும்.

கேள்வி: அந்தக் காலத்தில் அவ்வளவு பேர் வந்தார்கள் என்றால் பிறகு ஏன் குறைந்தது, சார்? இப்போது ஏன் மறுபடி நிரம்புகிறது?

1948-49 சீசனில் லீக் ஆட்டங்களுக்கு மொத்தம் 4.1 கோடிக்கு மேல் ஆட்கள் வந்தார்கள். போர் முடிந்திருந்தது, சனிக்கிழமை மதியம் வேறு பொழுதுபோக்கு குறைவு, டிக்கெட்டும் மலிவு. 1985-86-ல் அது 1.65 கோடியாகச் சரிந்தது. டிவியை மட்டும் குறை சொல்வதை நான் ஏற்பதில்லை. 1985 மே மாதத்தில் பிராட்ஃபோர்டு மைதானத் தீயில் 56 பேரும், அதே மாதம் பிரஸ்ஸல்ஸின் ஹெய்சல் மைதானத்தில் 39 பேரும் இறந்தார்கள். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அந்த இடத்துக்கு எந்த அப்பா போவார்?

1989-ல் ஹில்ஸ்பரோ மைதான நெரிசல். 97 உயிர்கள். அதன் பிறகு வந்த நீதிபதி டெய்லரின் விசாரணை அறிக்கையால் மேல்நிலைப் பிரிவுகளில் நின்று பார்க்கும் கேலரிகள் போய் இருக்கைகள் வந்தன. லிவர்பூலின் கோப் கேலரியில் ஒரு காலத்தில் சுமார் 28,000 பேர் நெருக்கியடித்து நின்றார்கள். 1994-ல் இருக்கை போட்டதும் அது ஏறக்குறைய 12,000 ஆனது. அதனால் 1950-ஐயும் இன்றையும் எண்ணை மட்டும் வைத்து ஒப்பிடாதீர்கள். இன்று மைதானம் நிரம்பினாலே உச்சவரம்பு வந்துவிடுகிறது. வெளியே டிக்கெட் கிடைக்காமல் நிற்பவர்கள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. டிக்கெட் விலையால் துரத்தப்பட்ட பழைய தொழிலாளி ரசிகர்களும் வருவதில்லை. எனக்கு இதுதான் பெரிய வருத்தம்.

கேள்வி: டிவியில் பாதி இருக்கை காலியாகத் தெரிகிறது, ஆனால் அறிவிப்பில் மைதானம் கிட்டத்தட்ட நிரம்பியதாகச் சொல்கிறார்களே?

பல கிளப்புகள் அறிவிப்பது விற்ற டிக்கெட்டைத்தான், உள்ளே வந்த தலைகளை அல்ல. சீசன் டிக்கெட் வைத்திருப்பவர் வீட்டில் தூங்கினாலும் கணக்கில் உண்டு. 2018 மார்ச் 1 அன்று பனி கொட்டிய இரவில் ஆர்சனல் சிட்டியிடம் 0-3 என்று தோற்ற ஆட்டத்தைத் தேடிப் பாருங்கள். அறிவித்த எண்ணுக்கும் படத்துக்கும் சம்பந்தமே இருக்காது. ஆர்சனலில் எப்போதும் கூட்டம்தான் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: 1966 மே 5 அன்று அவர்களின் பழைய மைதானமான ஹைபரியில் லீட்ஸுக்கு எதிராக வந்தவர்கள் 4,554 பேர். அதே மாலை லிவர்பூலின் ஐரோப்பிய இறுதி ஆட்டம் டிவியில் ஓடியது.

கேள்வி: 1921-ல் ஒரு ஆட்டத்துக்கு 13 பேர்தான் வந்தார்களாமே?

ஸ்டாக்போர்ட்–லெஸ்டர், ஓல்டு டிராஃபோர்டில். முன்னதாக அங்கே யுனைடெட் ஆடிய ஆட்டத்தைப் பார்த்தவர்களில் நிறைய பேர் எழுந்து போகாமல் உட்கார்ந்துவிட்டார்கள். புதிதாகக் காசு கொடுத்து வந்தவர்கள்தான் 13 பேர் என்பது கதை.

கேள்வி: தோல்வியிலும் கைவிடாத கூட்டம் என்றால் யாரைச் சொல்வீர்கள்?

சண்டர்லேண்ட். அடுத்தடுத்து இரண்டு முறை கீழிறங்கி மூன்றாம் பிரிவுக்குப் போனார்கள். 2018 டிசம்பர் 26 அன்று பிராட்ஃபோர்டுக்கு எதிராக 46,039 பேர் வந்தார்கள். கோப்பை ஜெயிக்கும் அணிக்குக் கூட்டம் சேர்வது இயல்பு. விழுந்த அணியின் கூட்டத்தை வைத்துத்தான் நான் ஆதரவை அளப்பேன்.

கேள்வி: பெண்கள் கால்பந்துக்கு இப்போதுதானே கூட்டம் வருகிறது, அண்ணா?

இல்லை அம்மா. 1920 டிசம்பர் 26, எவர்ட்டனின் குடிசன் பார்க். டிக் கெர் தொழிற்சாலைப் பெண்கள் அணிக்கும் செயின்ட் ஹெலன்ஸுக்கும் ஆட்டம். சுமார் 53,000 பேர் உள்ளே, இடமில்லாமல் ஆயிரக்கணக்கானோர் வெளியே. ஒரு வருடம்கூட ஆகவில்லை, 1921 டிசம்பர் 5 அன்று இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் தன் கிளப்புகளின் மைதானங்களில் பெண்கள் ஆடக்கூடாது என்று தடை போட்டது. கூட்டம் இல்லாததால் நின்றுபோன ஆட்டமல்ல அது, கூட்டம் இருந்தபோதே நிறுத்தப்பட்ட ஆட்டம். தடை நீங்க ஏறக்குறைய ஐம்பது வருடம் ஆனது. 2022 ஏப்ரலில் பார்சிலோனா பெண்கள் அணி வுல்ஃப்ஸ்பர்க்குடன் ஆடியபோது காம்ப் நூவுக்கு வந்தவர்கள் 91,648 பேர்.