பெட்ஃபோர்டு இத்தாலியர்களின் வாழ்க்கைக் கதைகளை எப்படிப் பதிவு செய்வது?

1951 முதல் செங்கல் சூளை வேலைக்காகத் தென் இத்தாலியிலிருந்து இங்கிலாந்தின் பெட்ஃபோர்டுக்கு வந்த தலைமுறைக்கு வயதாகிவிட்டது, தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

ஆங்கிலத்தில் கேட்டால் பதில் இரண்டு வரியில் முடிந்துவிடும். அவரவர் ஊர் வழக்கு தெரிந்தவரே கேட்கட்டும். சிசிலிக்காரர் பேச்சும் காம்பானியாக்காரர் பேச்சும் வேறுவேறு. தேதி கேட்காதீர்கள். பழைய சூளைப் படத்தைக் கையில் கொடுத்து, "இதில் யார் யார்?" என்று கேளுங்கள். பேச்சு தானாக வரும்.

சமையலறையில் உட்கார்ந்தால் ஃபிரிட்ஜ் இரைச்சலும் பதிவாகும். பிறகு அதை நீக்கப்போனால் குரலும் தேயும். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்கட்டும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் கோப்பாக (சுருக்காத ஒலிக்கோப்பு) பதியுங்கள்; மோனோவில், அதாவது ஒற்றைத் தடத்தில், மணிக்குச் சுமார் 520 எம்பி இடம் பிடிக்கும். மூன்று பிரதி, ஒன்று வேறு ஊரில்.

சம்மதக் கையெழுத்தை அன்றே வாங்குங்கள். அது இல்லாமல், பின்னால் வாரிசுகளும் ஒத்துப்போகாவிட்டால் அந்தக் குரலை யாரும் கேட்க முடியாது.