மாணவராக இருந்தபோது ஒரு சுயாதீன இசைக்குழுவுக்குப் பாடல் காணொளி எடுத்த அனுபவம் எப்படிப்பட்டது? அதில் என்ன கற்றீர்கள்?

விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) படிப்பின் இறுதியாண்டில், செயல்முறைப் பணிக்காக, சென்னையில் இயங்கிவந்த நால்வர் கொண்ட ஓர் இசைக்குழுவின் பாடலுக்கு நாங்கள் காணொளி எடுத்தோம். இயக்கமும் படத்தொகுப்பும் என் பொறுப்பு. குழுவின் பாடகி, அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பல ஆண்டுகள் இரவுப் பணி பார்த்த தம் தந்தையைப் பற்றி எழுதி, தாமே மெட்டமைத்துப் பாடிய பாடல் அது. இப்போது திரும்பிப் பார்க்கும்போது, கேமராவையோ லென்ஸையோ பற்றி நான் அறிந்துகொண்டவற்றை விட, பாடியவரையே திரையிலும் பாடவைத்து எடுப்பது எவ்வளவு பெரிய வாய்ப்பு என்பதை உணர்ந்ததே எனக்கு முதன்மையானதாகத் தோன்றுகிறது. இந்தப் பதில் பெரும்பாலும் அதைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

நம் பார்வைப் பழக்கம் திரைப்படப் பாடல்களால் உருவானது. 1931-இல் தமிழில் பேசும்படம் வந்த தொடக்க ஆண்டுகளில் நடிகர்கள் தளத்திலேயே பாடினார்கள். வாத்தியக்காரர்கள் கேமராவின் பார்வைக்கு வெளியே அமர்ந்து வாசித்தார்கள். எம். கே. தியாகராஜ பாகவதரும் பி. யு. சின்னப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் தம் குரலுக்குத் தாமே முகமாக இருந்தவர்கள். 1938-இல் வெளியான 'நந்தகுமார்' படத்தோடு பின்னணி பாடும் முறை தமிழுக்கு வந்து, பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. அந்த முறை நமக்கு ஈடு இணையற்ற பாடகர்களைத் தந்திருக்கிறது. அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் அதைப் பார்த்தே வளர்ந்த நாங்கள், பாடல் காட்சி என்றதும் உதடு சரியாக அசைகிறதா என்பதை மட்டுமே பார்க்கப் பழகியிருந்தோம். உண்மையில் பாடுகிற ஒருவரின் கழுத்து நரம்பு புடைப்பதும், நீண்ட வரிக்கு முன் தோள் உயர்ந்து மூச்சு நிறைவதும், உச்சத்துக்கு ஏறும்போது புருவம் தானாகச் சுருங்குவதும் பார்வையாளரின் கண்ணுக்குத் தெரியவேண்டியவை என்று எங்கள் வகுப்பில் யாரும் பேசியதில்லை.

சுயாதீன இசைக்குழுவின் காணொளிக்கு இதுதான் அடித்தளம் என்று நான் நம்புகிறேன். அங்கே எழுதியவர், வாசிப்பவர், பாடுபவர் எல்லோரும் ஒரே அறையில் நிற்கிறார்கள்; அவர்கள் எப்படித் தோன்றவேண்டும் என்பதும் அவர்களுடைய படைப்பின் ஒரு பகுதி. 2018 ஜனவரியில் சென்னையில் முதன்முதலாக மேடையேறிய, சாதி எதிர்ப்பைப் பாடும் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவினர் கோட்டு சூட்டு அணிந்து கானா பாடியபோது, அந்த உடையே அவர்கள் சொல்லவந்ததில் பாதியைச் சொல்லிவிட்டது. வெளியிலிருந்து வரும் மாணவ இயக்குநர் இதை மனத்தில் கொண்டு, தன் கற்பனையைக் கொட்டுவதற்கு முன்னால் குழுவினர் தங்களைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டறிய வேண்டும்.

எங்கள் முதல் திரைக்கதையில் தந்தை வேடத்துக்கு ஒரு நடிகர் இருந்தார். இரவுப் பணி முடிந்து அவர் வீடு திரும்புவதும், மகள் கதவைத் திறப்பதுமாகக் காட்சிகளை வரிசைப்படுத்தியிருந்தோம். பாடகி அதைப் பொறுமையாகப் படித்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, எங்க அப்பா எப்படி இருப்பாருன்னு பாட்டுல நான் ஒரு இடத்துலயும் சொல்லல. நீங்க ஒருத்தர் முகத்த வச்சுட்டா, கேக்கறவங்களுக்கு அவங்க அப்பா வரமாட்டாரு." அதற்குப் பிறகு எங்களுக்குள் விவாதமே எழவில்லை. பாட்டில் எழுதாமல் விடப்பட்ட இடம் கேட்பவர் வந்து உட்காருவதற்காக விடப்பட்டது. காணொளி அந்த நாற்காலியில் தானே ஏறி உட்கார்ந்துகொள்ளக் கூடாது. நடிகரை விடுத்தோம், கதையையும் விடுத்தோம். குழுவினர் பயிற்சி செய்யும் மொட்டைமாடி அறையில் அவர்கள் வாசிப்பதும், தொழிற்பேட்டைப் பேருந்து நிறுத்தத்தில் விடியற்காலையில் பாடகி தனியாக நின்று பாடுவதும் மட்டுமே மிஞ்சின. பணி முடிந்து வருகிறவர்களின் முகங்களை அவர்களிடம் கேட்காமல் எடுப்பதில்லை என்றும், சம்மதித்தவர்களை மட்டுமே சேர்ப்பது என்றும் முடிவு செய்தோம். திரைக்கதை மூன்று பக்கங்களிலிருந்து சில வரிகளாகச் சுருங்கியபோது, ஒளியையும் ஒலியையும் கவனிக்க எங்களுக்கு நேரம் கிடைத்தது.

மொட்டைமாடி அறையில் தொடங்கினோம். பெரிய தளங்களில் பாட்டை ஒலிக்கவிட 'நாகரா' என்ற ஏற்பாடு தனியாக இருக்கும். எங்களுக்கு அது ஒரு மடிக்கணினியும் வாடகைக்கு எடுத்த ஸ்பீக்கரும்தான். பாட்டு தொடங்குவதற்கு முன் தாளத்துக்கேற்ப நான்கு தட்டொலிகளைச் சேர்த்து ஒரு தனிக் கோப்பு தயாரித்தோம். அப்படிச் செய்யாவிட்டால் முதல் சொல்லுக்கு உதடு எப்போதும் பிந்தித்தான் திறக்கும். பாடகி ஒலிப்பதிவோடு சேர்ந்து முழுக் குரலில் உண்மையாகவே பாடவேண்டும் என்று கேட்டுக்கொண்டோம். அங்கே அவர் பாடுவது காணொளியில் சேரப்போவதில்லை, முன்பே பதிவான பாட்டுதான் ஒலிக்கும் என்றாலும், வாய்க்குள் முணுமுணுப்பவரின் முகமும் நெஞ்சு நிறையப் பாடுகிறவரின் முகமும் ஒன்றல்ல.

டிரம்ஸ் வாசித்த அண்ணனிடம்தான் சிக்கல் வந்தது. அவர் முழு வேகத்தில் அடித்தால் ஸ்பீக்கரில் ஒலிக்கும் பாட்டு அந்த அறையில் யாருக்கும் கேட்காது. சத்தத்தைக் குறைக்கத் டிரம்ஸின் தோல் மேலும் சிம்பல் எனப்படும் உலோகத் தட்டுகளின் மேலும் துணி போட்டால் குச்சி எழும்பும் விதமும் தட்டுகள் அதிரும் விதமும் மாறிவிடும். மெதுவாக அடிக்க முடியுமா என்று எங்களில் ஒருவர் கேட்டதற்கு, "மெதுவா அடிச்சா அது நான் இல்லப்பா" என்றார். அவர் சொன்னது முற்றிலும் சரி. தோளிலிருந்து இறங்கும் அடிக்கும் மணிக்கட்டிலிருந்து இறங்கும் அடிக்கும் உள்ள வேறுபாடு, இசை தெரியாதவர் கண்ணுக்கும் தப்பாது. ஆகவே அவருடைய ஷாட்டுகளைத் தனியாகப் பிரித்து, அவர் காதுக்கு மட்டும் இயர்போன் வழியாகப் பாட்டையும் தாளத்துக்கான தட்டொலியையும் அனுப்பி, விருப்பம்போல் அடிக்கவிட்டோம். இயர்போன் கம்பியில் இணைந்ததாக இருக்கவேண்டும் என்பதில் உறுதியாக இருந்தோம். புளூடூத்தில் ஒலி ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் மேலோ தாமதமாக வந்து சேர்வது சாதாரணம். ஒருவர் புளூடூத்திலும் மற்றவர் ஸ்பீக்கரிலும் கேட்டால் நால்வரும் ஒரே ஷாட்டில் ஒருபோதும் ஒன்றுசேர மாட்டார்கள்.

அந்த அறையில் குழல் விளக்குகள்தான் இருந்தன. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அவ்வகை விளக்கின் ஒளி நொடிக்கு 100 முறை ஏறி இறங்குகிறது. நொடிக்கு 25 சட்டகங்கள் (ஃபிரேம்கள்) என்று வைத்து, ஒவ்வொரு சட்டகத்துக்கும் ஒளியை உள்ளே விடும் ஷட்டரை 50-இல் ஒரு பங்கு நொடிக்கு அமைத்தால் படம் அமைதியாக இருக்கும். 60 சட்டகங்களுக்கு மாற்றி, ஷட்டரையும் அதற்கேற்ப வேகப்படுத்தினால் திரையில் பட்டைகள் ஓடத் தொடங்கும். மெதுவியக்கக் காட்சிகளுக்கு 50 சட்டகங்களும் 100-இல் ஒரு பங்கு நொடி ஷட்டரும் போதும். அப்படி எடுத்த சில இடங்களில் பாட்டை இருமடங்கு வேகத்தில் ஓடவிட்டுப் பாடச் சொன்னோம். பாதி வேகத்துக்குக் குறைத்துப் பார்க்கும்போது உதடுகள் பாட்டோடு பொருந்தியிருக்க, முடியும் துப்பட்டாவும் மட்டும் மெல்ல அலையும். மிக அழகான உத்தி அது. ஆனால் இருமடங்கு வேகத்தில் பாடும்போது மூச்சின் உண்மை போய்விடுகிறது என்பதால், நான் அதைப் பெரும்பாலும் அவர் பாடாத இடையிசைப் பகுதியில் மட்டுமே வைத்துக்கொண்டேன்.

விடியற்காலைக் காட்சிக்குக் கணக்கு வேறு. சென்னை நிலநடுக்கோட்டுக்கு அருகில், ஏறத்தாழ 13 பாகை வடக்கில் இருப்பதால் இங்கே வைகறை சட்டென்று முடிந்துவிடுகிறது. வானம் நீலமாக வெளுக்கத் தொடங்கிச் சூரியன் எழுவதற்குள் படப்பிடிப்புக்கு ஏற்ற நேரம் இருபது நிமிடங்களைச் சற்றே தாண்டும். நான்கு நிமிடப் பாடலை, இடையில் கேமராவை மாற்றிவைக்கும் நேரமும் சேர்த்து, அதற்குள் மூன்று நான்கு முறைக்கு மேல் பாடவைக்க முடியாது. எனவே முக்கியமான ஷாட் எதுவோ அதையே முதலில் எடுக்கவேண்டும். பாடகியின் முக நெருக்கக் காட்சியை முதலில் எடுத்துவிட்டு, சாலையின் எதிர்ப்புறத்திலிருந்து எடுக்கும் அகலக் காட்சியைக் கடைசிக்கு வைத்தோம். காவல் நிலையத்தில் துறைத் தலைவரின் கடிதத்தை முன்கூட்டியே கொடுத்து அனுமதி பெற்றிருந்ததால், ரோந்து வந்தவர்களுக்கு விளக்கம் சொல்வதில் அந்தப் பொன்னான நேரம் கரையவில்லை.

எதிர்ப்புறக் காட்சியில் இன்னொரு நுணுக்கம் உண்டு. ஸ்பீக்கர் பாடகியின் காலடியில் இருக்கிறது, கேமரா சாலைக்கு அப்பால் இருக்கிறது. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்லும் என்றால், ஒரு சட்டகத்துக்குரிய நேரத்தில் அது கடப்பது 14 மீட்டருக்கும் சற்றுக் குறைவு. கேமரா 27 மீட்டர் தள்ளி நின்றால், அதன் மைக்கில் பதிவாகும் பாட்டு, பாடகி கேட்ட பாட்டை விட இரண்டு சட்டகங்கள் பிந்தியது. அந்தப் பதிவை வைத்தே மென்பொருளில் காட்சியைப் பாட்டோடு ஒத்திசைத்தால் உதடு இரண்டு சட்டகங்கள் முந்திக்கொள்ளும். அதைக் கையால் பின்னுக்கு நகர்த்த வேண்டும். இரண்டு சட்டகங்கள் யாருக்குத் தெரியும் என்று கேட்கலாம். பாடியவருக்குத் தெரியும்.

படத்தொகுப்பு எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பாடலின் வேகம் நிமிடத்துக்கு 100 தட்டுகள். நொடிக்கு 25 சட்டகங்கள் என்பதால் ஒரு தட்டுக்குச் சரியாக 15 சட்டகங்கள் வருகின்றன. நான்கு தட்டுகள் கொண்ட ஒரு சுற்றுக்கு 60, நான்கு நிமிடத்துக்கு 100 சுற்றுகள். கணக்கு இவ்வளவு சீராக அமைந்துவிட்டால் ஒவ்வொரு சுற்றின் முதல் தட்டிலும் வெட்டவேண்டும் என்று கை பரபரக்கும். அப்படி வெட்டிய ஒரு வடிவத்தை ஒப்பிடுவதற்காகவே செய்துபார்த்தேன். ஏழெட்டுச் சுற்றுகளுக்குள் அடுத்த வெட்டு எங்கே என்று கண் முன்கூட்டியே அறிந்துவிடுகிறது. அதன் பிறகு மனம் பாட்டைக் கேட்பதை விட்டுவிட்டு வெட்டுகளை எண்ணத் தொடங்குகிறது. மாறாக, பாடகி மூச்சை உள்ளிழுக்கும் இடத்தில் வெட்டினால், அந்த மூச்சு பார்ப்பவரை அடுத்த வரிக்குள் அழைத்துச் செல்கிறது. டிரம்ஸில் பெரிய அடி விழுவதற்குச் சற்று முன்பாக, குச்சி மேலே இருக்கும்போதே அதற்கு மாறினால், அடி விழும் கணத்தில் கண் அங்கே தயாராக இருக்கிறது. இப்படி உடலின் அசைவைப் பின்பற்றி வெட்டியபோது ஷாட்டுகளின் எண்ணிக்கை தானாகவே குறைந்தது. இறுதிப் பல்லவியை வெட்டே இல்லாமல் ஒரே நெருக்கக் காட்சியாக விட்டேன். வகுப்பில் சிலர் அதைச் சோம்பல் என்றார்கள். நான் இன்றும் அந்த முடிவை விட்டுக்கொடுக்க மாட்டேன், ஏனெனில் தம் தந்தையைப் பற்றி ஒருவர் முழுக் குரலில் பாடிக்கொண்டிருக்கும்போது வேறு எங்கே பார்ப்பதற்கும் எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

நீங்களும் மாணவராக இருந்து இதில் இறங்கப் போகிறீர்கள் என்றால், நட்பு எவ்வளவு நெருக்கமாக இருந்தாலும் ஒரு கடிதம் எழுதிக்கொள்ளுங்கள். 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒளிப்பதிவுப் படைப்பின் ஆசிரியராகக் கருதப்படுபவர் தயாரிப்பாளர்தான். இயக்குநரோ ஒளிப்பதிவாளரோ அல்லர். மாணவர் காணொளியில் தயாரிப்பாளர் யார்? கருவிகளைத் தந்த கல்லூரியா, சாப்பாட்டுக்கும் பெட்ரோலுக்கும் பணம் போட்ட குழுவா, உழைத்த மாணவர்களா? இதை முன்னரே தெளிவாக எழுதிவைக்க வேண்டும். உரிமையை எழுத்து மூலமாகத்தான் மாற்றித் தரமுடியும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகள் என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் அதே சட்டம் எடுத்துக்கொள்ளும். எங்கள் கடிதத்தில் பாட்டின் உரிமை முழுவதும் குழுவுக்கு என்றும், காணொளியை வெளியிடும் உரிமை குழுவுக்கு என்றும், அதை எங்கள் படைப்புத் தொகுப்பிலும் மாணவர் விழாக்களிலும் காட்டும் உரிமை எங்களுக்கு என்றும் எழுதி அனைவரும் கையெழுத்திட்டோம். குழு தன் பாட்டை, இணைய இசைத் தளங்களுக்குப் பாடல்களைக் கொண்டுசேர்க்கும் ஒரு விநியோக நிறுவனத்தின் மூலம் வெளியிட்டிருந்தால், நீங்கள் உங்கள் யூடியூப் பக்கத்தில் ஏற்றும் பிரதியின் மீது தானியங்கி உரிமைக்கோரல் வருவது இயல்பு. அப்போது அதை விடுவித்துத் தருமாறு குழு தன் விநியோக நிறுவனத்திடம் சொல்லவேண்டும் என்பதையும் அந்தக் கடிதத்திலேயே சேர்த்துவிடுங்கள்.