பழைய டிரஸ்ட் விலைக்கு வந்தால் வாங்கலாமா?

கேள்வி: தென்காசி மாவட்டத்தில் ஒரு சிற்றூரில் நாங்கள் 14 பேர் ஐந்து ஆண்டுகளாக இளைஞர் நற்பணி மன்றம் நடத்துகிறோம். மாலையில் பிள்ளைகளுக்கு இலவச டியூஷன், பையன்களுக்கு வாலிபால், சிலம்பம், மாதம் ஒருமுறை பெரியவர்களுக்கு சுகர், பிரஷர் பரிசோதனை, குடியால் சிரமப்படும் குடும்பங்களுக்கு ஞாயிறு சந்திப்பு. இதுவரை பதிவு செய்யவில்லை. இப்போது ஒருவர், ‘90,000 ரூபாய் கொடுங்கள். 12ஏ (அமைப்புக்கு வருமான வரி விலக்கு), 80ஜி (நன்கொடை தருபவருக்கு வரிச் சலுகை), வெளிநாட்டு நிதி அனுமதி, சி.எஸ்.ஆர். (கம்பெனிகள் சமூகப் பணிக்குத் தரும் பணம்) எல்லாம் வாங்கித் தருகிறேன். 2016இல் பதிவான டிரஸ்ட் ஒன்று கைவசம் இருக்கிறது, உங்கள் பெயருக்கு மாற்றிவிடலாம்’ என்கிறார். சில வெற்றுத்தாள்களில் கையெழுத்தும் ஆதார் நகலும் கொடுத்திருக்கிறோம். சிங்கப்பூரில் இருக்கும் நண்பர் மாதம் 25,000 ரூபாய் அனுப்பத் தயார். என்ன செய்வது?

பதில்: அந்த டிரஸ்டை வாங்காதீர்கள், 90,000 ரூபாயும் கொடுக்காதீர்கள்.

டிரஸ்ட் என்பது விற்கிற பொருளே இல்லை. பழைய அறங்காவலர்கள் விலகியதாகவும் நீங்கள் சேர்ந்ததாகவும் ஒரு பத்திரம் எழுதிக் கொடுப்பார்கள், அவ்வளவுதான். அதன் பழைய வரலாறும் அப்படியே உங்களோடு வரும். 2016 முதல் அதன் பெயரில் யார் யாருக்கு ரசீது போட்டார்கள், கணக்குத் தாக்கல் செய்தார்களா என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியாது. வருமான வரி நோட்டீஸ் வரும்போது உங்கள் வீட்டு விலாசத்துக்குத்தான் வரும்.

பழைய டிரஸ்டுக்கு ஏன் கிராக்கி தெரியுமா? சி.எஸ்.ஆர். பணம் வாங்கும் அமைப்புக்கு அந்தத் துறையில் குறைந்தது மூன்று ஆண்டு அனுபவம் வேண்டும். வெளிநாட்டு நிதிப் பதிவுக்கும் மூன்று ஆண்டு ஆகியிருக்க வேண்டும், அந்த மூன்று ஆண்டில் சேவைக்கென்று 15 லட்சம் ரூபாய் செலவழித்துக் காட்ட வேண்டும். சுண்டலும் நோட்டுப் புத்தகமும் வாங்கிக் கொடுக்கிற உங்கள் மன்றம் 15 லட்சத்துக்கு எங்கே போகும்? அதனால் வயதை விலைக்கு விற்கிறார்கள். வயதாவது பத்திரத்துக்குத்தான். வேலை செய்த அனுபவம் அதோடு வராது. விவரமான கம்பெனி ஒரு போன் போட்டு ‘2019இல் எந்த ஊரில் என்ன செய்தீர்கள்’ என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்?

சி.எஸ்.ஆர். பற்றி இன்னும் ஒன்று. நிகர லாபம் 5 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர மதிப்பு 500 கோடி, இந்த மூன்றில் ஒன்றையாவது எட்டிய கம்பெனிதான் இந்தச் செலவைச் செய்தாக வேண்டும். அதை யாருக்குக் கொடுப்பது என்பதை அந்தக் கம்பெனியின் குழு முடிவு செய்கிறது. ‘20 லட்சம் கியாரண்டி, புராசசிங் கட்டணம் மட்டும் முன்னால் கட்டுங்கள்’ என்று ஒருவர் சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். பணம் உண்மையாகவே வந்தாலும் ‘இதில் 30 சதவீதத்தை ரொக்கமாகத் திருப்பிக் கொடுங்கள்’ என்று அடுத்த பேச்சு வரும். அப்புறம் அந்த 30 சதவீதத்துக்குப் பொய் பில் தேடி அலையப்போவது நீங்கள்தான்.

சரி, பதிவுக்கு வருவோம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்படி ஆண்டு வரவோ செலவோ 10,000 ரூபாயை எட்டினாலே பதிவு கட்டாயம். இன்றைக்கு நல்ல வலையும் நாலு பந்தும் வாங்கினாலே அந்தத் தொகை கரைந்துவிடும். அந்த எண்ணை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. ஆகவே ஏற்கெனவே தாமதம்தான், பயப்பட வேண்டாம். ஏழு பேர் இருந்தால் சங்கம் பதியலாம், நீங்கள் 14 பேர் இருக்கிறீர்கள். மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதியுங்கள். டிரஸ்டாகவே பதிந்துவிடலாமே என்பார்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் சீக்கிரம் முடியும் என்பது உண்மைதான். ஆனால் ஊர் இளைஞர்கள் மாறி மாறிப் பொறுப்பேற்று நடத்தும் அமைப்புக்கு டிரஸ்ட் பொருந்தாது. பத்து ஆண்டில் அது ஒரு குடும்பத்துச் சொத்தாகிப் போனதைப் பல ஊர்களில் பார்த்தாயிற்று. சங்கத்தில் நிர்வாகக் குழுவின் காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போக முடியாது. ஆண்டுதோறும் கணக்கும், நிர்வாகி மாறினால் படிவம் 7ம் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். பெரும்பாலான சங்கங்கள் சறுக்குவது இங்கேதான். செயலாளருக்குக் கல்யாணம் ஆகி வெளியூர் போவார், தாக்கல் நின்றுவிடும்.

சங்க விதிகளை ஜெராக்ஸ் கடையில் கிடைக்கும் மாதிரியைப் பார்த்து எழுதாதீர்கள். முதியோர் இல்லம், கோசாலை, இன்ஜினீயரிங் கல்லூரி என்று நோக்கங்கள் நாற்பது இருக்கும். நீங்கள் செய்வதை மட்டும் எழுதுங்கள்: பிள்ளைகள் படிப்பு, விளையாட்டு, உடல்நலம், குடும்ப ஆலோசனை. ‘நம் சமுதாய இளைஞர்கள்’ என்ற சொல் எந்த வரியிலும் வந்துவிடக் கூடாது. ஒரு சாதிக்கோ மதத்துக்கோ மட்டும் பயன்படும் அமைப்பு என்று அதிகாரி கருதினால் வரிச் சலுகை போய்விடும். வேடிக்கை என்னவென்றால், வருமான வரிச் சட்டம் அறப்பணி என்று யோகாவைப் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. சிலம்பமும் வாலிபாலும் ‘பொதுநலம்’ என்ற பெரிய கூடைக்குள்தான் போகும். அந்தக் கூடையில் இருப்பவர்கள் கட்டணம் வசூலித்தால் அது மொத்த வரவில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நாளைக்கு ஜிம் வைத்து மாதக் கட்டணம் வாங்கும் யோசனை இருந்தால் இதை நினைவில் வையுங்கள்.

அடுத்து 12ஏ. அது இல்லாவிட்டால் வருகிற நன்கொடையே சங்கத்தின் வருமானமாகக் கணக்காகும். நண்பர் அனுப்பப்போவது ஆண்டுக்கு 3 லட்சம். ஆகவே 12ஏ உங்களுக்குத் தேவை, இதை ஒப்புக்கொள்கிறேன். 80ஜி அவ்வளவு அவசரமில்லை. புதிய வரி முறையில் இருக்கும் நன்கொடையாளருக்கு அதில் ஒரு பைசா பயன் இல்லை. பழைய முறையிலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடையாது. இரண்டுக்கும் வருமான வரி இணையதளத்தில் விண்ணப்பிக்க அரசுக் கட்டணம் எதுவும் இல்லை. தொண்டு அமைப்புகளுக்கான நிதி ஆயோக்கின் தர்பண் இணையதளப் பதிவும் இலவசம். ஆடிட்டருக்கு அவர் வேலைக்கான கூலியைக் கொடுங்கள், அதற்கு ரசீதும் கேளுங்கள். 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்து பிரிவு எண்கள் மாறுகின்றன. ஊரில் எல்லாரும் இன்னும் 12ஏ, 80ஜி என்றுதான் சொல்வார்கள். நீங்களும் அப்படியே கேளுங்கள்.

இதில் ஒரு குறுக்குவழியை நிச்சயம் சொல்வார்கள். இன்னும் வேலை தொடங்காத அமைப்புக்கு மூன்று ஆண்டுத் தற்காலிகப் பதிவு சுலபமாகக் கிடைக்கும். ‘தொடங்கவில்லை என்று டிக் போட்டுவிடலாம்’ என்பார்கள். நீங்கள் தினமும் டியூஷன் நடத்துகிறீர்கள்! உள்ளதைச் சொல்லி நேரடியாக முழுப் பதிவுக்கே விண்ணப்பியுங்கள். அதிகாரி கணக்கு, போட்டோ, பில் எல்லாம் கேட்பார். மனு சேர்ந்த காலாண்டு முடிந்த பிறகு ஆறு மாதம் அவருக்கு அவகாசம். கோடிகளில் புரளும் அமைப்புக்கும் உங்களுக்கும் ஒரே மனு, ஒரே இணைப்புகள், ஒரே காத்திருப்பு. இந்த அலுப்பினால்தான் மக்கள் புரோக்கரிடம் போகிறார்கள் என்பது மேலே இருப்பவர்களுக்குத் தெரியாததல்ல. இந்தப் பதிவு மனுக்களுக்கான கெடுவைத் திரும்பத் திரும்ப நீட்டிக் கடைசியாக 2024 ஜூன் 30இல் கொண்டுவந்து நிறுத்தினார்களே, படிவம் எளிமையாக இருந்தால் அதற்கு என்ன அவசியம்?

யார் மனு போட்டாலும் இணையதளத்தில் பதிகிற மொபைல் எண்ணும் மின்னஞ்சலும் உங்கள் தலைவருடையதாகவோ செயலாளருடையதாகவோ இருக்க வேண்டும். புரோக்கரின் எண் இருந்தால் ஓ.டி.பி. அவருக்குப் போகும். உங்கள் சங்கத்தின் பெயரில் அவர் 80ஜி ரசீது விற்பார். லட்சம் ரூபாயைக் காசோலையாக வாங்கிக்கொண்டு கமிஷன் போக மீதியை ரொக்கமாகத் திருப்பித் தரும் வியாபாரம் இது. விசாரணை வந்தால் கையெழுத்து உங்களுடையது.

இனி சிங்கப்பூர் நண்பர். இங்கே ஒவ்வொரு சொல்லையும் கவனமாகப் படியுங்கள். அவர் வைத்திருப்பது இந்தியப் பாஸ்போர்ட் என்றால், அங்கே பி.ஆர். (நிரந்தரமாக வசிக்க அனுமதி பெற்றவர்) ஆகவே இருந்தாலும், தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் பணம் வெளிநாட்டு நிதி ஆகாது. தாராளமாக வாங்கலாம். சிங்கப்பூர்க் குடியுரிமை எடுத்துவிட்டார் என்றால், ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தருவது) இருந்தாலும் அது வெளிநாட்டு நிதி, அதற்கான அனுமதி இல்லாமல் வாங்கக் கூடாது. ஊர்த் திருவிழாவுக்கு வந்தபோது கையில் ரூபாயாகக் கொடுத்தாலும் அப்படித்தான். கொடுப்பவர் யார் என்பதுதான் கேள்வி, டாலரா ரூபாயா என்பதல்ல. அவர் அங்கே நடத்தும் கம்பெனிக் கணக்கிலிருந்து வந்தாலும் கூடாது. அலுவலக நண்பர்களிடம் வசூலித்துத் தன் பெயரில் அனுப்பினாலும் கூடாது, அது அவர் சேமிப்பு இல்லையே. ‘இங்குள்ள அவர் தம்பி கணக்குக்கு வரட்டும், தம்பி நன்கொடையாகத் தரட்டும்’ என்ற யோசனையும் வரும். வெளிநாட்டுக் குடிமகன் பணத்துக்கு அந்த வழியைத் தொடவே வேண்டாம். இந்தியக் குடிமகனாக இருந்தால் ஆண்டுக்கொரு முறை பாஸ்போர்ட் நகலும், ‘இது என் சொந்தச் சேமிப்பு’ என்று ஒரு கடிதமும் வாங்கி ஃபைலில் வையுங்கள். என்றைக்குக் குடியுரிமை மாறுகிறதோ அன்றைக்கே நிறுத்திவிடுங்கள்.

கடைசியாக, கொடுத்த கையெழுத்துத் தாள்கள். நேரில் போய்த் திருப்பிக் கேளுங்கள். ‘கிழித்துப் போட்டுவிட்டேன்’ என்று சொன்னால், எங்கள் பெயரில் எதையும் பதியவோ விண்ணப்பிக்கவோ உங்களுக்கு அதிகாரம் இல்லை என்று எழுதி, கையெழுத்துப் போட்ட எல்லாரும் ஒப்பமிட்டு, பதிவு வசதி சேர்த்த ஸ்பீடு போஸ்டில் அவருக்கு அனுப்புங்கள். உங்கள் சங்கத்தைப் பதியப் போகும் அன்றே, உங்கள் மன்றத்தின் பெயரில் ஏற்கெனவே ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்று மாவட்டப் பதிவாளர் அலுவலகத்திலும் சார்பதிவாளர் அலுவலகத்திலும் விசாரித்துவிடுங்கள். பதிவாகியிருந்தால் அந்தத் தபால் நகலோடு காவல் நிலையத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து, அதற்கான மனு ரசீதைக் கையில் வாங்கிக்கொண்டு வாருங்கள்.