கேள்வி பதில்: முதல் மழையும் புல்வெளியின் கார்பன் கணக்கும்

கேள்வி: மாதக்கணக்கில் காய்ந்து கிடந்த புல்வெளியில் 4 மி.மீ. மழை பெய்தது. அன்று மண்ணிலிருந்து வெளியேறும் கார்பன் டை ஆக்சைடு பல மடங்கு ஏறியதாக அளவி காட்டியது. மழை வந்தால் புல் கார்பனை உள்ளே இழுக்கத்தானே வேண்டும்? கருவிக் கோளாறா?

பதில்: கருவியைச் சந்தேகிக்க வேண்டாம். மழைக்கு முதலில் விழித்துக்கொள்வது புல் அல்ல, மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள். ஈரம் பட்ட ஒரு மணி நேரத்துக்குள் அவை வேலையைத் தொடங்கிவிடும். புல்லுக்கோ புது வேர்நுனியும் இலையும் வர வேண்டும். அதற்குச் சில நாள்கள் ஆகும். நெடுநாள் காய்ந்திருந்தால் ஒரு வாரம்கூடத் தாண்டும். அதுவரை வரவில்லாத செலவுதான்.

நுண்ணுயிர்களுக்குத் தீனியும் தயாராக இருக்கிறது. வறட்சியில் செத்த நுண்ணுயிர்களின் உடல்கள், பிழைத்தவை தம்முள் நீரைத் தக்கவைக்கச் சேர்த்த கரைபொருள்கள், மண்கட்டி உடைந்து வெளிப்பட்ட மட்கு, வெயிலில் நொறுங்கிய சருகு எல்லாமே சுலபமாகச் செரிப்பவை. முதல் சில நிமிட எழுச்சியில் ஒரு பங்கு மட்டும், நீர் புகுந்ததால் மண்துளைகளிலிருந்து வெளியே தள்ளப்பட்ட காற்று. கென்யாவில் பணியாற்றிய மண் ஆய்வாளர் எச். எஃப். பர்ச் 1958-இல் வெளியிட்ட ஆய்வை ஒட்டி இதைப் ‘பர்ச் விளைவு’ என்கிறோம். அடுத்தடுத்து நனைந்து காயும்போது எழுச்சி பொதுவாகச் சுருங்கிக்கொண்டே போகும், தீனி தீர்ந்துவிடுகிறதல்லவா?

கேள்வி: அப்படியானால் எத்தனை மி.மீ. பெய்தால் புல்லுக்குப் பயன்?

பதில்: ஒரே எண் சொன்னால் பொய்யாகிவிடும். ஈரம் எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று பாருங்கள். மணற்பாங்கான மண்ணில் காய்ந்தபோது கன அளவில் 3 சதவீத நீர் இருக்கிறது, அதிகபட்சம் 13 சதவீதம் பிடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 10 சதவீதம். எனவே 1 மி.மீ. மழை 1 செ.மீ. ஆழத்தை நனைக்கும். உங்கள் 4 மி.மீ. நனைத்தது 4 செ.மீ. தான். களிமண்ணில் வித்தியாசம் 20 சதவீதமாக இருந்தால் அதுவும் பாதியாகி 2 செ.மீ. ஆகிவிடும். கடும் வெயிலில் ஓரிரு நாளில் காய்ந்துபோகும் இந்த மேல்தோலில்தான் நுண்ணுயிர்த் தீனி அதிகம். ஆகவே தூறல் மண்ணுக்கு, 20 மி.மீ. மழை வேருக்கு என்று நினைவில் வைக்கலாம்.

விதிவிலக்கும் உண்டு. புல் ஏற்கெனவே உயிர்ப்போடு இருந்தால் சிறு மழையும் வீணாகாது. அமெரிக்கக் குட்டைப்புல் வெளியில் 5 மி.மீ. நீர் பட்ட 12 மணி நேரத்துக்குள் இலைகளின் நீர்ச்சத்து தேறியதை 1982-இல் சூழலியலாளர்கள் சாலாவும் லாவன்ராத்தும் காட்டினார்கள்.

கேள்வி: மொத்த மழை மாறாமல், குறைந்த தடவைகளில் பெருமழையாகப் பெய்தால் நல்லதா, கெட்டதா?

பதில்: இடத்தைப் பொறுத்தது. அமெரிக்காவின் மூன்று வகைப் புல்வெளிகளில் ஒரே மாதிரி செய்து பார்த்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், வறண்ட குட்டைப்புல் வெளியில் விளைச்சல் 30 சதவீதம் கூடியது. ஈரப்பாங்கான நெடும்புல் வெளியில் 18 சதவீதம் குறைந்தது. வறண்ட நிலத்தில் பெருமழை ஆவியாதலிலிருந்து தப்பி ஆழத்துக்குப் போகிறது. ஈர நிலத்திலோ மழைகளுக்கு இடைப்பட்ட நீண்ட வறட்சிதான் புல்லை அடிக்கிறது. ஆனால் இவை தரைக்கு மேல் வளர்ந்த புல்லின் கணக்கு மட்டுமே. மண் வெளிவிட்டதையும் கழித்தால்தான் கார்பன் நிகரம் தெரியும். இந்த இரண்டையும் போட்டுக் குழப்புகிற கட்டுரைகள் ஏராளம்.

கேள்வி: மூடுபெட்டியை (மண்மேல் கவிழ்த்து, உள்ளே சேரும் வாயுவை அளக்கும் பெட்டி) வைத்து நாங்களே சோதிக்க முடியுமா?

பதில்: தாராளமாக. பெட்டியைப் பொருத்துவதற்கான 20 செ.மீ. விட்டமுள்ள வளையத்தைக் குறைந்தது ஒரு நாள் முன்னதாகவே மண்ணில் பதியுங்கள். பதித்த கையோடு அளந்தால், கலைந்த மண்ணும் அறுந்த வேரும் விடும் வாயுவைத்தான் அளப்பீர்கள். வளையத்தின் பரப்பு 0.0314 சதுர மீட்டர். 1 மி.மீ. மழை என்பது சதுர மீட்டருக்கு 1 லிட்டர். ஆக 10 மி.மீ. மழைக்கு 314 மி.லி. நீர் வேண்டும். பூவாளியால் மெதுவாக, பல தடவையாக ஊற்றுங்கள். அவசரப்பட்டால் நீர் வளையத்துக்குள் குளமாக நிற்கும், வாயு வெளியேற வழி அடைபடும். வளையத்தைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கும் அதே அளவில் நனையுங்கள். இல்லாவிட்டால் ஈரம் பக்கவாட்டில் கசிந்து காய்ந்த மண்ணுக்குப் போய்விடும். கிணற்று உப்புநீர் வேண்டாம், அதிலுள்ள பைகார்பனேட் கணக்கைக் கெடுக்கும். மழைநீரே நல்லது.

நனைப்பதற்கு முன் ஒரு அளவு, பின்பு 15 நிமிடம், 1 மணி, 3 மணி, 6 மணி, அதன்பின் பத்து நாள் வரை நாளுக்கொன்று. ஒவ்வொரு முறையும் ஒளிபுகும் பெட்டியால் ஒன்று, கருந்துணி போர்த்தி இன்னொன்று. இரண்டுக்குமான வித்தியாசம் ஒளிச்சேர்க்கை. இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் மூடிவைக்காதீர்கள், உள்ளே வெப்பம் ஏறும்.

கோபுரக் கருவி (புல்லுக்கு மேலே கோபுரத்தில் நின்று வாயுவின் வரவுசெலவை அளப்பது) வைத்திருப்பவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. மூடியில்லாமல் காற்றில் திறந்திருக்கும் உணரியின் கண்ணாடியில் துளி விழுந்தால் தரவு அறுந்துபோகும், அதுவும் எழுச்சி நடக்கும் அந்தச் சில மணி நேரத்தில். அந்த ஓட்டையைக் காய்ந்த நாள்களின் சராசரியால் அடைத்தால் இழப்பு உண்மையைவிடக் குறைவாகத் தெரியும்.

கேள்வி: அட்டவணையில் கழித்தல் குறி வந்தால் இழப்பா?

பதில்: கோபுரத் தரவில் பெரும்பாலும் நேர்மாறு. வளிமண்டலத்தின் பக்கமிருந்து கணக்கு வைப்பதால், கழித்தல் என்றால் நிலம் உள்ளே இழுத்தது என்று பொருள்.