பெருமாள்புரத்து வீட்டை வாடகைக்கு விடும் முன்

துபாய் வந்து நான்கு மாதம் ஆகிறது, பாளையங்கோட்டை பெருமாள்புரத்து வீடு பூட்டிக் கிடக்கிறது, சித்தப்பாவுக்குத் தெரிந்த குடும்பம் கேட்கிறது, "நமக்குள் எழுத்து எதற்கு" என்கிறார்கள், கொடுக்கலாமா அண்ணாச்சி என்று கேட்டிருக்கிறீர்கள். கொடுங்கள் தம்பி. ஆனால் எழுதி வாங்காமல் சாவியைக் கொடுக்காதீர்கள். தெரிந்தவர்கள் என்றால் கட்டாயம் எழுத வேண்டும்.

2011-இல் மகாராஜநகர் வீட்டை நான் வாய்ப்பேச்சில்தான் விட்டேன். ஓராண்டு ஒழுங்காக வந்த வாடகை பிறகு நின்றது. கேட்டால், மாடி ஒழுகியது, சரிசெய்த செலவைக் கழித்துக்கொண்டேன் என்றார் குடியிருந்தவர். வாடகை எவ்வளவு, பழுது யார் பொறுப்பு, எப்போது காலி செய்வது, எதற்கும் ஒரு வரி ஆதாரம் இல்லை. மூன்று விடுமுறைகள் அதிலேயே கரைந்தன. சொந்த வீட்டு வாசலில் என் அம்மா நின்று கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பியதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

11 மாத ஒப்பந்தம் போட்டால் பதிய வேண்டாம் என்று ஊரில் இன்னும் சொல்வார்கள். அது பழைய கதை. 2017-ஆம் ஆண்டு இயற்றிய தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்துவிட்டது. எத்தனை மாதமானாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாதவர் அந்த அதிகாரி. இங்கே துபாயில் எஜாரி என்ற வாடகைப் பதிவு இல்லாமல் உங்கள் ஃபிளாட்டுக்கு மின் இணைப்பு கிடைத்திருக்காதே, அதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வேறு உடன்பாடு இல்லையென்றால் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. வாடகை நின்றாலும் கரண்டையோ தண்ணீரையோ நிறுத்தாதீர்கள். ஆத்திரத்தில் செய்தால் குற்றம் உங்கள் பக்கம் திரும்பிவிடும். பன்னிரண்டு வருடம் இருந்தால் வீடு அவர்களுக்கே என்ற பேச்சுக்கும் பயப்பட வேண்டாம். உரிமையாளரின் அனுமதியில் இருப்பவருக்கு அது பொருந்தாது. அந்த அனுமதியைக் காட்டுவதே ஒப்பந்தம்தான்.

மொத்தமாகப் பணம் வாங்கிக்கொண்டு ஒத்திக்கு விடலாம் என்றும் யாராவது ஆசை காட்டுவார்கள். வேண்டாம் தம்பி. ஒத்தி என்பது வீட்டை அனுபவிக்கக் கொடுக்கும் அடமானம். பதிவு செய்த பத்திரம் வேண்டும், வெறும் முத்திரைத்தாள் போதாது. அதைவிட, அவர்கள் காலி செய்யும் நாளில் முழுத் தொகையும் உங்கள் கையில் இருக்க வேண்டும். வேலையில் சேர்ந்து நான்கே மாதமான உங்களுக்கு அந்தச் சுமை தேவையில்லை.

ஊரில் கையெழுத்துப் போட அப்பாவுக்குப் பவர் கொடுங்கள். இந்த வீட்டை வாடகைக்கு விட, வாடகை வசூலிக்க, வழக்கு நடத்த என்று மட்டும் எழுதுங்கள். விற்கும் அதிகாரம் அதில் வரவே கூடாது. இங்குள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் சான்று பெற்று அனுப்பி, இந்தியா போய்ச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் கட்டச் சொல்லுங்கள்.

வரி விஷயத்தைப் பலர் கவனிப்பதே இல்லை. வருமான வரிக் கணக்கில் நீங்கள் வெளிநாட்டில் வசிப்பவர் ஆகிவிட்டால், குடியிருப்பவர் வாடகையில் 31.2 சதவீதம் பிடித்து அரசுக்குக் கட்டிவிட்டு மீதியைத் தர வேண்டும். சிறிய வாடகைக்கும் விலக்கு கிடையாது. உங்கள் வருமானம் வரம்புக்குள் இருந்தால் கணக்குத் தாக்கல் செய்து திரும்ப வாங்கலாம். இதை முதலிலேயே அவர்களிடம் சொல்லிவிடுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் இந்திய வருமானத்துக்கு வைத்துக்கொள்ளும் என்.ஆர்.ஓ. வங்கிக் கணக்கில் வாடகை விழும்படி செய்யுங்கள். பழைய சேமிப்புக் கணக்கை இப்போதே மாற்றிக்கொள்ளுங்கள்.

சாவி கொடுக்கும் அன்று அறை அறையாகப் படம் எடுத்து, மின் மீட்டர் அளவையும் குறித்து, இரண்டு தரப்பும் கையெழுத்திடட்டும். 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு எந்தச் சேதம் முன்பே இருந்தது என்று நம் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் வாக்குவாதம் நடந்தது.

பவர் வாசகத்தை எழுதியதும் எனக்கு அனுப்புங்கள், படித்துப் பார்க்கிறேன். தூதரகத்துக்கு வெள்ளிக்கிழமை தவிர எந்த நாள் போனாலும் கூட வருகிறேன்.