அக்கா அஞ்ச வேண்டியது எந்தப் படத்துக்கு?

கேள்வி: என் அக்காவுக்கு 52 வயது. சென்ற ஆண்டு இடது மார்பில் ஆரம்ப நிலைப் புற்றுநோய். கட்டியை மட்டும் அகற்றிவிட்டு, 15 நாள் கதிர்வீச்சும் கொடுத்தார்கள். இனி ஆண்டுக்கு ஒரு முறை மேமோகிராம் (மார்பகத்துக்கான எக்ஸ்ரே படம்) போதும் என்கிறார் டாக்டர். அக்காவோ, "வைத்த கரண்ட் போதாதா, மறுபடியுமா?" என்று மறுக்கிறாள். அதற்குப் பதிலாக ஆறு மாதத்துக்கு ஒரு முறை முழு உடல் பெட் ஸ்கேன் எடுத்தால் நிம்மதி என்கிறாள். எது சரி?
- ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: உங்கள் அக்காவின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அவர் தள்ளுவது சின்னக் கதிரை. கேட்டு வாங்க நினைப்பது பெரிய கதிரை.

15 நாள் சிகிச்சையில் அந்த மார்புக்கு வழக்கமாகத் தருவது 40 கிரே. கிரே என்பது திசு வாங்கும் கதிரின் அளவு; அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிகிரே. மேமோகிராமில் ஒரு மார்புக்கு இரண்டு படங்கள். இரண்டுக்கும் சேர்த்தே சுமார் 4 மில்லிகிரேதான். பத்தாயிரத்தில் ஒரு பங்கு! இரு மார்புக்கும் எடுத்தால், முழு உடலுக்கான ஆபத்தைக் கணக்கிடும் அளவான மில்லிசீவர்ட்டில் இது ஏறக்குறைய 0.4. மண்ணும் வானமும் சாப்பாடும் நமக்கு ஆண்டுதோறும் தருவது உலகச் சராசரியில் 2.4. உங்கள் பக்கத்து மணவாளக்குறிச்சி மணலில் தோரியம் என்ற கதிரியக்கப் பொருள் கலந்த மோனசைட் தாது இருப்பதால் அந்தக் கரையில் இது இன்னும் கூடுதல்.

பெட் ஸ்கேனில் கதிரியக்கச் சர்க்கரையை ஊசியில் ஏற்றி, கூடவே சிடி ஸ்கேனும் எடுக்கிறார்கள். எடுக்கும் முறையைப் பொறுத்து 10 முதல் 25 மில்லிசீவர்ட் வரை போகும். ஆண்டுக்கு இரண்டு என்றால், குறைந்தபட்சம் 50 மேமோகிராமுக்குச் சமம்.

மேமோகிராமில் ஆபத்தே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். 2016-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள். ஒரு லட்சம் பெண்கள் 40 வயது முதல் 74 வரை ஆண்டுதோறும் படம் எடுத்துக்கொண்டால், அந்தக் கதிராலேயே 125 பேருக்குப் புற்று வரலாம், 16 பேர் இறக்கலாம். தடுக்கப்படும் மரணங்கள் 968. இது நோயே வராத பெண்களுக்கான கணக்கு. ஒரு முறை வந்துபோன உங்கள் அக்காவுக்குப் பலன் இன்னும் அதிகம். கதிரைத் தாங்காதது இளம் மார்புதான். இருபது வயதுப் பெண் கட்டியோடு வந்தால் நானே முதலில் அல்ட்ராசவுண்டுக்குத்தான் அனுப்புகிறேன்.

26 ஆண்டுகளாக இந்தப் படங்களைப் பார்க்கிறேன். சாம்பல் நிறத் திசுவுக்கு நடுவே, கறுப்புத் துணியில் உப்புத்தூள் சிந்தியதுபோல ஐந்தாறு வெள்ளைப் புள்ளிகள் ஓரிடத்தில் கூடியிருக்கும். கைக்குத் தட்டுப்படாது, வலிக்காது. பெட் ஸ்கேனில் பெரும்பாலும் அது தெரியவே தெரியாது. புற்றின் முதல் அடையாளம் சில நேரம் அவ்வளவுதான்.

பெட் ஸ்கேன் காட்டுவது வேறு வகை. ஆரம்ப நிலை நோய் குணமாகி நலமாக இருந்த ஒரு பெண், மனநிம்மதிக்காக வெளியே ஸ்கேன் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். நுரையீரலில் ஓரிடம் ஒளிர்ந்திருந்தது. அழுது, தூக்கமின்றி, ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்த்தால் பழைய காசநோயின் எச்சம். காசநோய் இவ்வளவு பரவிய நாட்டில் இப்படி ஒளிர்வது அபூர்வமே இல்லை. அந்த மூன்று வாரம் அவர் பட்ட பாட்டை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. அறிகுறி இல்லாதவர்களுக்கு இதை வழக்கமாக எடுக்க வேண்டாம் என்று அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கமே சொல்லியிருக்கிறது.

ஆனால் எலும்பில் விடாத வலி, மூச்சுத்திணறல், காரணமில்லாத எடைக்குறைவு, புதிய கட்டி என்று ஏதாவது வந்தால் தாமதிக்க வேண்டாம். அப்போது டாக்டர் ஸ்கேன் எழுதினால், கதிரைக் காரணம் காட்டி மறுக்கவும் வேண்டாம்.

மேமோகிராமுக்குப் போகும் அன்று அக்குளில் பவுடர் பூச வேண்டாம். அதுவும் அந்த வெள்ளைப் புள்ளிகளைப் போலவே படத்தில் விழும். தாலிக்கொடியைக் கழற்ற மனமில்லையென்றால் முதுகுப் பக்கம் தள்ளிவிட்டால் போதும். பலகை வைத்து அழுத்தும்போது சில நொடி வலிக்கும். அப்படி அழுத்துவதால்தான் குறைந்த கதிரில் தெளிவான படம் கிடைக்கிறது. சென்ற ஆண்டுப் படங்களைக் கட்டாயம் எடுத்துப் போகச் சொல்லுங்கள். பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எது அறுவையின் தழும்பு, எது புதியது என்று எங்களால் சொல்ல முடியும்.